வேலி போட்டால் வேறு இடம் போக மாட்டார்களா?

பாலம், ரயில் நிலையம், உயரமான கட்டடம் போன்ற பொது இடங்களில் தற்கொலையைத் தடுப்பது பற்றி வாசகர்களிடம் கேள்விகள் கேட்டிருந்தோம். ஒரே விஷயத்தைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஒரு கடிதத்துக்கு மட்டும் வரிசை பார்க்காமல் முதலில் பதில் சொல்கிறோம்.

தினமும் ஒரு பாலத்தைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். சில வாரங்களாக அந்த இடம் வந்ததும் நின்றுவிடத் தோன்றுகிறது. யாரிடமும் சொன்னதில்லை. இதற்கு என்ன செய்வது? (பெயர் வேண்டாம்)

எங்களிடம் சொல்லிவிட்டீர்கள். அடுத்து, இன்றைக்கே உங்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். "எனக்குச் சாகணும்னு தோணுது, அந்த இடத்துக்குப் போனா அதிகமாகுது, கொஞ்ச நேரம் கூட இரு" என்று சொன்னால் போதும். அது யாராக இருந்தாலும் சரி, உங்கள் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்பவராக இருக்க வேண்டும்.

நாளை முதல் வேறு வழியில் போங்கள். வேறு வழியே இல்லையென்றால் துணையோடு, வண்டியில், நிற்காமல் கடந்துவிடுங்கள். இதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். அந்த எண்ணம் மிகத் தீவிரமாக இருக்கும் நேரம் பெரும்பாலும் நிமிடக் கணக்கிலோ மணிக் கணக்கிலோதான் இருக்கும். அந்த நேரத்தில் ஆபத்தான இடம் கைக்கெட்டாத தூரத்தில் இருப்பதே பெரிய பாதுகாப்பு. எண்ணம் கூடும்போது ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்து, உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள். இப்போதே ஏதாவது நடந்துவிடும் என்று தோன்றினால் அவசர எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள். இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரைப் பாருங்கள். மனநல மருத்துவர் உடனே கிடைக்காவிட்டால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே போதும். அவரிடம் அந்த இடத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உள்ளாட்சி உறுப்பினர் நான். எங்கள் பாலத்துக்கு வேலி போடலாம் என்றால், "சாக நினைப்பவன் வேறு இடத்துக்குப் போவான், பணம்தான் வீண்" என்கிறார்கள். என்ன பதில் சொல்வது?

எல்லா ஊரிலும் முதலில் வரும் ஆட்சேபணை இதுதான். இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 1937 முதல் 1971 வரை தடுத்து மீட்கப்பட்ட 515 பேருக்குப் பிறகு என்ன ஆனது என்று ரிச்சர்ட் சைடன் என்ற ஆய்வாளர் தேடிப் பார்த்து 1978இல் வெளியிட்டார். சுமார் 94 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையான காரணங்களால் இறந்திருந்தார்கள். "வேறு இடத்துக்குப் போவார்கள்" என்ற வாதம் சரியென்றால் இந்தக் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? அப்படியும் அந்தப் பாலத்தின் இரு பக்கமும் எஃகு வலை கட்டி முடிய 2024 ஜனவரி ஆனது.

வேலியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு பாலத்தில் இருந்த தடுப்பை 1996இல் கழற்றினார்கள். மரணங்கள் சுமார் ஐந்து மடங்காகின. 2003இல் மேம்பட்ட தடுப்பை மீண்டும் பொருத்திய பிறகு, ஆய்வு தொடர்ந்த காலம் வரை அங்கே ஒரு மரணமும் இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத் தொங்குபாலத்தில் 1998இல் கம்பித் தடுப்பு போட்டதும் ஆண்டுக்குச் சராசரியாக 8.2 ஆக இருந்த மரணங்கள் 4 ஆகக் குறைந்தன.

எதிர்த்தரப்பு கையில் எடுக்கும் உதாரணம் டொரோண்டோ. அதையும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அங்கே 2003இல் ஒரு பாலத்துக்குத் தடுப்பு போட்டார்கள். அந்த இடத்தில் மரணங்கள் கிட்டத்தட்ட நின்றுவிட்டன. ஆனால் 2010இல் வெளியான ஆய்வு, நகரம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் எண்ணிக்கை குறையவில்லை என்றது. உங்கள் கூட்டத்தில் யாராவது இந்த ஆய்வை நீட்டினால், 2017இல் வெளியான அடுத்த ஆய்வையும் கேளுங்கள். கூடுதல் ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தபோது நகரப் பாலங்களின் மொத்த மரணங்களும் குறைந்திருந்தன. முதல் சில ஆண்டுகளில் குறையாமல் இருந்ததற்கு, தடுப்பைப் பற்றி ஊடகங்கள் ஓயாமல் எழுதியதும் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இடம் மாறுதல் அறவே இல்லை என்று நீங்களும் அடித்துச் சொல்லாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். இப்படிப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வந்த கணக்கின்படி, தடுப்பு போட்ட இடத்தில் மரணங்கள் 86 சதவீதம் குறைந்தன, அக்கம்பக்கத்து உயரமான இடங்களில் 44 சதவீதம் கூடின, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நகரங்களில் உயரமான இடங்களில் நடக்கும் மரணங்கள் மொத்தத்தில் 28 சதவீதம் குறைந்தன. சிலர் இடம் மாறுகிறார்கள், பலர் மாறுவதில்லை. கூட்டத்தில் இந்த மூன்று எண்களையும் சேர்த்தே சொல்லுங்கள். முதல் எண்ணை மட்டும் சொன்னால் மற்ற இரண்டையும் வேறொருவர் சொல்வார்.

கட்டுமானப் பொறியாளர் கேட்கிறேன்: எவ்வளவு உயரம், என்ன வடிவம்? எங்கே தவறு நேர்கிறது?

இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை 2015இல் வெளியிட்ட வழிகாட்டி குறைந்தது 2.5 மீட்டர் உயரம் சொல்கிறது. நடப்பவர்கள் தவறி விழாமல் இருக்கக் கட்டும் கைப்பிடிச் சுவர் இடுப்புக்குச் சற்று மேலேதான் வரும். அதற்கு மேல் இன்னும் ஒரு முழம் ஏற்றிவிட்டு "தடுப்பு போட்டாயிற்று" என்று கணக்குக் காட்டுவதை நிறைய இடங்களில் பார்க்கலாம். அதில் பயனில்லை.

உயரத்தைப் போலவே முக்கியம், கால் வைக்கப் பிடிப்பு இல்லாமல் இருப்பது. படுக்கைவாட்டுக் கம்பிகள் ஏணிப்படி ஆகிவிடும். நெடுக்குக் கம்பி, அல்லது விரலோ ஷூ முனையோ நுழையாத நெருக்கமான கண்ணி வலை சரி. உச்சியை உள்பக்கமாக வளைத்தால் இன்னும் நல்லது. வரைபடத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது ஒன்று உண்டு: வெளிப்பக்கம் போய்விட்ட ஒருவர் மனம் மாறினால் திரும்பி ஏறி வர வேண்டும். அதனால் உள்ளிருந்து வெளியே போவது கடினமாகவும், வெளியிலிருந்து உள்ளே வருவது அதைவிடச் சுலபமாகவும் இருக்கும்படி வடிவமையுங்கள். மீட்புக் குழு திறக்கக்கூடிய பூட்டிய வாசல்கள் எங்கெங்கே, சாவி யாரிடம் என்பதும் வரைபடத்திலேயே இருக்கட்டும்.

வேலி எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். ஆபத்தான உயரம் முழுவதும் மறையும் இடம் வரை அது நீள வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க நடுப்பகுதிக்கு மட்டும் போட்டால் பலனும் அதற்கேற்றபடிதான் இருக்கும். வேலை முடிந்து ஒப்படைத்த பிறகு வேறொரு துறை வந்து வேலியை ஒட்டி இருக்கை, குப்பைத் தொட்டி, பூந்தொட்டி, மின்பெட்டி என்று எதையாவது வைத்துவிடும். அரை மீட்டர் உயரப் பெஞ்சு ஒன்று வந்தால் 2.5 மீட்டர் வேலி அந்த இடத்தில் 2 மீட்டர்தான். வேலியிலிருந்து இத்தனை தூரத்துக்குள் எதையும் நிறுத்தக் கூடாது என்று பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பழைய பாலமாக இருந்தால் காற்றுச் சுமைதான் தலைவலி. கண்ணாடியோ தகடோ காற்றை முழுசாக வாங்கும். அந்தச் சுமை பழைய கைப்பிடியின் போல்ட்டுகள் வழியாகத் தளத்துக்கு இறங்கும். அதைத் தாங்குமா என்று கணக்குப் போடாமல் தொடங்கக் கூடாது. கம்பி வலைக்குச் சுமை குறைவு. வேலியே சாத்தியமில்லாத இடத்தில் கீழே படுக்கைவாட்டில் வலை கட்டலாம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஒரு தேவாலயத்தை ஒட்டிய உயரமான மேடைக்கு 1998இல் அப்படிக் கட்டினார்கள், அங்கே மரணங்கள் நின்றன. வலை நடைபாதை மட்டத்தை ஒட்டி இருந்தால் வெறும் படிக்கட்டு ஆகிவிடும், நன்றாகக் கீழே இருக்க வேண்டும். வலையில் இருப்பவரை எப்படி மேலே கொண்டுவருவது என்று தீயணைப்புத் துறையோடு ஒத்திகையும் பார்த்தாக வேண்டும்.

நிரந்தரத் தடுப்புக்கு டெண்டர், அனுமதி என்று ஆண்டுகள் ஓடும். அதுவரைக்கும் தற்காலிக வேலி போடுங்கள். அழகாக இருக்காது, பரவாயில்லை.

ரயில் நிலையங்களுக்கு?

பிளாட்பார ஓரத்தை அடைத்து நின்று, ரயில் வந்து நின்றதும் மட்டும் திறக்கும் பிளாட்பாரக் கதவுகள். தரையிலிருந்து கூரை வரை மூடும் கதவுகள் சிறந்தவை. ஹாங்காங்கில் கதவு பொருத்திய பிறகு ரயில் தற்கொலைகள் சுமார் 60 சதவீதம் குறைந்தன, கதவில்லாத நிலையங்களுக்கு அவை இடம் மாறவும் இல்லை. சியோலிலும் பெரிய அளவில் குறைந்தன. பாதி உயரக் கதவுகள் செலவு குறைவு, பலனும் உண்டு, ஆனால் முழுசாக நிறுத்துவதில்லை. எல்லா ரயிலுக்கும் கதவு ஒரே இடத்தில் நிற்காத பழைய பாதைகளில் இவற்றைப் பொருத்துவது சிரமம். அங்கே நிற்காமல் போகும் வேக ரயில்களின் பக்கத்தை வேலியால் பிரித்துவிடலாம், பிளாட்பார முனைகளை அடைத்துவிடலாம். மீதி, ஊழியர்களின் கண்ணில்தான் இருக்கிறது. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

வணிக வளாகத்தில் செக்யூரிட்டி வேலை. மாடி வாகன நிறுத்தத்தில் ஒருவர் வெகுநேரம் தனியாக நின்றால் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஏதாவது கேட்டு, நாமே தூண்டிவிட்டதாக ஆகிவிடாதா?

ஆகாது. தற்கொலை பற்றி நேராகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 2014இல் வந்த ஒரு தொகுப்பு, கேட்பதால் எண்ணம் குறையக்கூடும் என்றே சொல்கிறது.

கவனிக்க வேண்டியவை: வண்டி இல்லாமல் மேல் தளத்துக்கு வருவது, ஓரத்துக்கும் படிக்கட்டுக்கும் இடையே திரும்பத் திரும்ப நடப்பது, பையையோ போனையோ கீழே வைத்துவிட்டு நிற்பது, அழுகை, கூப்பிட்டால் திரும்பாதது. ரயில் நிலையமாக இருந்தால், ஏறாமல் ரயில்களை ஒவ்வொன்றாக விடுவது. இவற்றில் எதுவும் தனியாக நிரூபணம் கிடையாது. நீங்கள் நினைத்தது தவறாக இருந்தால் ஒரு நிமிட சங்கடம், அவ்வளவுதான்.

அணுகும்போது பின்னாலிருந்து போகாதீர்கள். அவர் கண்ணில் படும்படி பக்கவாட்டில், மெதுவாகப் போய்ச் சில அடி தள்ளி நில்லுங்கள். வாக்கி-டாக்கி சத்தத்தைக் குறையுங்கள். முதல் வாக்கியம் சாதாரணமாக இருக்கட்டும்: "சார், ரொம்ப நேரமா நிக்கிறீங்க, தண்ணி ஏதாவது வேணுமா?" பதில் வராவிட்டால் உங்கள் பெயரைச் சொல்லி அவர் பெயரைக் கேளுங்கள். பேச்சு தொடங்கினதும் நேராகவே கேளுங்கள்: "தற்கொலை செஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்களா?" "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால், கேள்வியிலேயே "இல்லை" என்ற பதிலை ஊட்டிவிடுகிறீர்கள்.

"ஆமாம்" என்றால் அறிவுரை சொல்லத் தொடங்காதீர்கள். குடும்பத்தை நினை, இதெல்லாம் ஒரு பிரச்சினையா, என்னைப் பார் என்பவை எல்லாம் அவரை மேலும் தனியாக்கும். அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லுங்கள், அடுத்த கேள்வி கேளுங்கள், அமைதி வந்தால் விடுங்கள். "வாங்க, உள்ளே உட்கார்ந்து பேசலாம்" என்று ஓரத்திலிருந்து நகர்த்துவதுதான் முதல் இலக்கு. இன்னொரு ஊழியர் தள்ளி நின்று அவசர உதவியை அழைக்கட்டும். உங்களால் நிறைவேற்ற முடியாத வாக்குறுதி தர வேண்டாம். போலீஸ் வராது என்று சொல்லிவிட்டு வந்தால், அதன் பிறகு யாரையும் நம்ப மாட்டார்.

அவர் தடுப்புக்கு வெளியே இருந்தால் பாய்ந்து பிடிக்க முயலாதீர்கள், இரண்டு உயிருக்கும் ஆபத்து. ஒருவர் மட்டும் பேச வேண்டும். கூட்டத்தையும் செல்போன் கேமராக்களையும் விலக்குவது மற்றவர்கள் வேலை.

உள்ளே வந்த பிறகும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடாதீர்கள். "இப்ப பரவாயில்ல, நான் கிளம்புறேன்" என்பார். மருத்துவக் குழுவிடமோ, நிலைமையை முழுசாகச் சொல்லி வரவழைத்த உறவினரிடமோ ஒப்படைத்த பிறகுதான் உங்கள் பொறுப்பு முடிகிறது. உங்கள் நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை: அப்படிப் பேசிய ஊழியரை அன்றே மறுபடி அதே தளத்தில் நிறுத்தாதீர்கள்.

எங்கள் இளைஞர் மன்றம் "உயிர் விலைமதிப்பற்றது" என்று பலகை வைக்க விரும்புகிறது. பலன் இருக்குமா?

அந்த வாசகத்தால் இருக்காது, எண் இருந்தால் ஓரளவு இருக்கும். இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் வனப்பகுதியில் 26 வாகன நிறுத்தங்களில் சமாரிட்டன்ஸ் அமைப்பின் உதவி எண் கொண்ட பலகைகளை வைத்தார்கள். அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 10 ஆக இருந்த மரணங்கள் அடுத்த மூன்று ஆண்டுகளில் 3.3 ஆகின. மற்ற இடங்களில் கிடைத்த முடிவுகள் கலவையானவை. ஆகவே பலகையை வேலிக்குப் பதிலாக வைக்க வேண்டாம், வேலியோடு சேர்த்து வையுங்கள்.

"பேச ஆள் இருக்கிறோம், எந்த நேரமும் அழையுங்கள்" என்ற அளவில் எழுதி, எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். "இங்கே தற்கொலை செய்யாதீர்கள்" என்று எழுதுவது அந்த இடத்துக்கு விளம்பரம். இருட்டிலும் படிக்கத் தெரிய வேண்டும், செல்போன் சிக்னல் கிடைக்கிறதா என்று அந்த இடத்திலேயே நின்று சோதிக்க வேண்டும். நேரடி இணைப்புத் தொலைபேசி வைத்தால் வாரம் ஒருமுறை இரவு நேரத்தில் சோதனை அழைப்பு போடுங்கள். எடுத்துப் பார்த்து இணைப்பு இல்லாத தொலைபேசி, இல்லாததைவிட மோசம்.

நீல விளக்கு போட்டால் தற்கொலை குறையுமாமே?

ஜப்பானிய ரயில் நிலையங்களை வைத்து 2013இல் வந்த ஆய்வு 84 சதவீதக் குறைவு என்றது. ஆனால் அதன் பிழை எல்லை 14 முதல் 97 சதவீதம் வரை, அதாவது ஏறக்குறைய எதுவாகவும் இருக்கலாம். பகலில் நடப்பவற்றுக்கும் விளக்குக்கும் சம்பந்தமில்லை என்றும் பின்னர் சுட்டிக்காட்டினார்கள். விளக்கு மலிவு என்பதுதான் இதன் கவர்ச்சி. அந்தப் பணத்தை வேலிக்குச் சேருங்கள்.

உள்ளூர்ச் செய்தியாளர் நான். ஓர் இடத்தில் தொடர்ந்து நடந்தால் அதை எழுதுவதுதானே கடமை? நிர்வாகம் வேறு எப்படி அசையும்?

நிர்வாகத்தை அசைக்க எழுதுங்கள், இடத்துக்குப் பெயர் வாங்கித் தருகிற மாதிரி எழுதாதீர்கள். வியன்னா சுரங்க ரயிலில் 1980களில் தற்கொலைகள் கூடியபோது பத்திரிகைகள் ஒவ்வொன்றையும் படத்தோடு, விவரத்தோடு வெளியிட்டன. 1987 நடுவில் ஆஸ்திரியத் தற்கொலைத் தடுப்புச் சங்கம் ஊடகங்களுக்கு நெறிமுறை தந்தது, பத்திரிகைகளும் பெரும்பாலும் பின்பற்றின. அந்த ஆண்டின் முதல் பாதியோடு ஒப்பிட்டால் இரண்டாம் பாதியில் சுரங்க ரயில் தற்கொலைகள் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. ஒரு செங்கல்கூட வைக்காமல் நடந்த மாற்றம் இது.

தலைப்பில் இடமும் முறையும் வரக் கூடாது. "தற்கொலைப் பாலம்", "மரண முனை" போன்ற பட்டப்பெயர்கள், இது எத்தனையாவது மரணம் என்ற எண்ணிக்கை, உயரம், அந்த இடத்தின் புகைப்படம், இறந்தவர் எழுதிவைத்த கடிதத்தின் வாசகம் எதுவும் வேண்டாம். "காதல் தோல்வியால்", "மார்க் குறைந்ததால்" என்று ஒற்றைக் காரணம் ஒட்டாதீர்கள். எழுத வேண்டியது: தடுப்புக்கான கோப்பு எந்த மேசையில் நிற்கிறது, மற்ற ஊர்களில் என்ன செய்து குறைத்தார்கள், நெருக்கடியைத் தாண்டி வந்தவர்கள் எப்படி வந்தார்கள், உதவி எண் என்ன. இந்தப் பக்கத்தில் நாங்களும் ஏதாவது செய்து மரணங்கள் குறைந்த இடங்களைத்தான் குறிப்பிட்டிருக்கிறோம்.

பூங்கொத்தும் புகைப்படமும் வைக்கும் குடும்பத்தாரைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். அவற்றைத் தூக்கி எறியாதீர்கள். குடும்பத்தாரிடம் முன்பே பேசி, சில நாள் கழித்து எடுத்து அவர்களிடமே தாருங்கள். நிரந்தர நினைவுக் கல் வைப்பதென்றால் வேறு இடத்தில் வையுங்கள்.

எங்கே தொடங்குவது? எங்களிடம் கணக்கே இல்லை.

கணக்கு இருக்கிறது, சிதறிக் கிடக்கிறது. காவல் நிலையம், ஆம்புலன்ஸ், தீயணைப்பு, ரயில்வே, பிரேதப் பரிசோதனைப் பதிவு, அந்த இடத்துச் செக்யூரிட்டி நோட்டு ஆகியவற்றை ஒரே மேசைக்குக் கொண்டுவாருங்கள். இறந்தவர்களை மட்டும் எண்ணாதீர்கள். மீட்கப்பட்டவர்கள், போலீஸ் பேசி அனுப்பியவர்கள் எல்லோரும் கணக்கில் வர வேண்டும். மரணம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கும், மீட்பு அதைவிடப் பல மடங்கு இருக்கும். சரியான இடம், நேரம், கிழமை மூன்றும் பதிவானால் எந்த மூலையில் வேலி, எந்த நேரத்தில் ரோந்து என்பது தானாகத் தெரியும். இவற்றைக் குறித்த வரைபடம் மேசையை விட்டு வெளியே போகக் கூடாது, வாட்ஸ்அப்பில் ஒருபோதும் கூடாது.

எண்ணிக்கை சிறியதாக இருப்பதால் ஓராண்டை வைத்து "வெற்றி", "தோல்வி" என்று சொல்ல முடியாது. முன்னே ஐந்தாண்டு, பின்னே ஐந்தாண்டு பாருங்கள். அதே சமயம் சுற்றுவட்டாரத்தில் அதேபோன்ற உயரமான இடங்களையும் சேர்த்துக் கணக்கெடுங்கள், இல்லாவிட்டால் இடம் மாறியதா என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. வேலி வந்ததும் இந்த வேலைக்காகக் கூடிய குழுவைக் கலைத்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது வேலி முழு நீளமும் நடந்து, அறுந்த கண்ணி, துருப்பிடித்த போல்ட், பூட்டாத வாசல், புதிதாக வந்து நிற்கும் பெஞ்சு ஆகியவற்றை எழுதிக்கொண்டு வர வேண்டும். அந்த நபரின் பதவியையும் அடுத்த தேதியையும் முதல் கூட்டத்தின் குறிப்பிலேயே பதிந்துவிடுங்கள்.